வாசகர் கேள்வி பதில்: ப்ராப்புக்கு யெஸ்ஸா, நோவா?

கேள்வி: மகன் பன்னிரண்டாம் வகுப்பு. அமெரிக்கன் கவர்ன்மென்ட் பாடத்தில் பழைய ப்ராப் (ப்ரொபொசிஷன், அதாவது மக்களே யெஸ், நோ என்று ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் மாநிலச் சட்டம் அல்லது தீர்மானம்) ஒன்றை எடுத்து ஆதரித்தோ எதிர்த்தோ பேச வேண்டுமாம். "அம்மா, இதுக்கு யெஸ்ஸா நோவா?" என்று என்னிடம் வந்து நிற்கிறான். எனக்கே இப்போதுதான் சிட்டிசன்ஷிப் கிடைத்தது. தேர்தலுக்கு வரும் வோட்டர் கைடு புத்தகத்தைப் பிரித்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
*— ஒரு அம்மா, ஃப்ரீமாண்ட்*

பதில்: யெஸ்ஸா நோவா என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அசைன்மென்ட் பத்து நிமிடத்தில் முடியும், பையனுக்கு ஒன்றும் மிஞ்சாது. கலிஃபோர்னியாவில் மாநிலத் தேர்தலுக்கு முன்னால் வீடு தேடி வருகிற வோட்டர் கைடுதான் இதற்குச் சரியான பாடப்புத்தகம், பழைய வருடத்துக் கைடுகள் இணையத்திலும் கிடைக்கின்றன. ஒவ்வொரு ப்ராப்புக்கும் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) எழுதிய தலைப்பும் சுருக்கமும், சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகம் எழுதிய விளக்கமும் செலவுக் கணக்கும், அப்புறம் இரண்டு தரப்பு வாதங்கள், மறுப்புகள், கடைசியில் பொடி எழுத்தில் சட்ட வாசகம் என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. நம்மில் பலர் தலைப்பைப் பார்த்துவிட்டு நேராக வாதத்துக்குத் தாவிவிடுகிறோம். வாதம் எழுதுகிறவர் நம்மைத் தன் பக்கம் இழுக்கத்தான் எழுதுகிறார், அது அவர் வேலை. அதற்கு முன்னால் பையனை ஆய்வாளர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள்.

2024-ல் வந்த ப்ராப் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டடங்களுக்காக மாநிலம் 10 பில்லியன் டாலர் கடன் வாங்கலாமா என்று கேட்டார்கள், 8.5 பில்லியன் பள்ளிகளுக்கு, 1.5 பில்லியன் கம்யூனிட்டி காலேஜுகளுக்கு. பள்ளிக்கூடத்துக்குப் பணம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஆய்வாளர் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: திருப்பிக் கட்ட வருடத்துக்குச் சுமார் 500 மில்லியன் டாலர், 35 வருடத்துக்கு. பையனைப் பெருக்கச் சொல்லுங்கள். 17.5 பில்லியன் வரும். இன்றைக்குப் பதினேழு வயது என்றால் அவனுக்கு ஐம்பத்திரண்டு ஆகும் வரைக்கும் அவன் கட்டும் வரியிலிருந்தும் இது போகும். அதைப் பார்த்துவிட்டு "நோ" என்றாலும் சரி, "கட்டடம் இப்போதானே வேணும், வீட்டுக் கடனும் இப்படித்தானே" என்று "யெஸ்" சொன்னாலும் சரி, இரண்டுமே யோசித்துச் சொன்ன பதில்தான். (ப்ராப் 2 ஜெயித்தது.)

அடுத்தது ஒரு சின்னப் பயிற்சி. வாக்குச்சீட்டில் ஒவ்வொரு ப்ராப்பையும் 75 வார்த்தைக்குள் அடக்கித்தான் அச்சிடுகிறார்கள். தலைப்பை மறைத்துக்கொண்டு, சட்டத்தையும் விளக்கத்தையும் மட்டும் படித்துவிட்டு, அவனே ஒரு 75 வார்த்தை எழுதட்டும், அப்புறம் அச்சில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எதை விட்டிருக்கிறார்கள், எதை முதலில் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் தானாகக் கண்ணில் படும்.

பெரியவர்களே சறுக்குகிற ஒரு இடமும் உண்டு. சட்டமன்றம் ஏற்கெனவே போட்ட சட்டத்தைத் தடுக்க யாராவது கையெழுத்து வாங்கி ரெஃபரெண்டம் கொண்டுவந்தால், "யெஸ்" என்றால் அந்தச் சட்டம் இருக்கட்டும் என்று அர்த்தம், "நோ" என்றால் போகட்டும் என்று அர்த்தம். அதாவது, கொண்டுவந்தவர்களே "நோ" போடச் சொல்வார்கள்! 2022-ன் ப்ராப் 31 அப்படித்தான். பழ வாசனை, புதினா வாசனை போட்ட புகையிலைப் பொருட்களின் விற்பனையைத் தடுக்க 2020-ல் சட்டம் போட்டார்கள், புகையிலை கம்பெனிகள் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கி மக்களிடம் கொண்டுபோனதில் சட்டம் இரண்டு வருடத்துக்குமேல் அமலுக்கு வராமல் நின்றது. கடைசியில் மக்கள் பெரிய வித்தியாசத்தில் "யெஸ்" சொன்னார்கள். வேப்பிங் (மின்சிகரெட்) விவகாரம் உங்கள் பையனுக்குப் பள்ளியிலேயே பழக்கமான பேச்சாக இருக்கும், அதனால் அசைன்மென்டுக்கு நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

அவன் கொஞ்சம் துணிந்தவன் என்றால் 2024-ன் ப்ராப் 6. சிறைக் கைதிகளைத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்று மாநில அரசியல் சட்டத்தில் இருக்கும் இடத்தை நீக்கலாமா என்பது கேள்வி. கைடில் அதற்கு எதிரான வாதம் கிடையாது, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இருந்தும் தோற்றது. அந்த எழுதப்படாத எதிர்வாதம் என்னவாக இருந்திருக்கும் என்று அவனையே எழுதச் சொல்லுங்கள், அவனுக்கு அதில் உடன்பாடு இல்லாவிட்டாலும்.

பணம் யாருடையது என்றும் பார்க்கட்டும், மாநிலத்தின் இணையதளத்திலேயே விவரம் இருக்கிறது. ஆப் மூலம் வண்டி ஓட்டுபவர்களைக் கம்பெனி ஊழியர்களாக்காமல் ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்க வந்த 2020-ன் ப்ராப் 22-க்கு ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் மாதிரி கம்பெனிகள் சேர்ந்து 200 மில்லியன் டாலருக்கு மேல் இறைத்தன, ஜெயிக்கவும் செய்தன. பணம் கொட்டினாலே கெட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டியதில்லை. ஆனால் டிவி விளம்பரத்தில் சிரித்த முகத்தோடு பேசுகிற டிரைவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பார்ப்பது வேறு.

கேள்வி: நாங்கள் ஹெச்-1பி வேலை விசா. மகனுக்குப் பதினாறு வயது, எங்களைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறான். பள்ளியில் வாக்காளர் முன்பதிவு என்று வகுப்புக்கே இணைப்பு அனுப்பியிருக்கிறார்கள். கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் போட்டுவிட்டார்களாம். இவனும் போடலாமா?
*— பெயர் வேண்டாம், கூப்பர்டினோ*

பதில்: கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 16, 17 வயதுக்காரர்கள் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ளலாம், பதினெட்டு ஆனதும் அது தானாக உயிர் பெறும், ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும்தான். படிவத்தில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்று உறுதிமொழி வாங்குகிறார்கள். தெரியாமல் டிக் அடித்ததுகூடப் பின்னால் கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் நேரத்தில் பெரிய தலைவலியாக வந்து நிற்கும், நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்கும் போகலாம். டிஎம்வி-யில் (டிரைவிங் லைசென்ஸ் அலுவலகம்) வண்டி பழகும் பெர்மிட் எடுக்கப் போகும்போதும் இந்தக் கேள்வி வரும், அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" போட்டுவிட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உடனே ஒரு இமிக்ரேஷன் வக்கீலைப் பாருங்கள்.

அதற்காகப் பையன் ஒதுங்கி நிற்க வேண்டாம். பள்ளிகளில் நடக்கும் மாணவர் மாதிரித் தேர்தலில் தாராளமாக ஓட்டுப் போடலாம், அங்கே யாரும் விசா கேட்பதில்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால், பதினாறு வயது முடிந்து, ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) 2.5-க்குக் குறையாமல் இருந்து, வீட்டிலும் பள்ளியிலும் அனுமதி கொடுத்தால், தேர்தலன்று வாக்குச்சாவடியில் வேலையே பார்க்கலாம், சம்பளமும் உண்டு. இன்னொன்று: பிள்ளைக்குப் பதினெட்டு ஆவதற்குள் அவனிடம் கிரீன் கார்டு இருந்து, உங்களோடு இங்கே வசிக்கும்போது அப்பாவோ அம்மாவோ குடியுரிமை பெற்றால், பெரும்பாலும் அவனும் அப்போதே குடிமகன் ஆகிவிடுகிறான். தெரியாமல் சும்மா இருக்கும் வீடுகள் உண்டு.

கேள்வி: மகளின் டீச்சர் வகுப்பில் ப்ராப் பற்றியெல்லாம் பேசுகிறார். அரசியலைத் திணிக்கிற மாதிரி இருக்கிறது. பிரின்சிபலிடம் புகார் கொடுக்கலாமா?
*— ஒரு அப்பா, சான் ரமோன்*

பதில்: "பேசுகிறார்" என்பது போதாது, என்ன பேசினார்? இன்ன ப்ராப் என்ன செய்யும், யார் ஆதரிக்கிறார்கள், யார் எதிர்க்கிறார்கள், ஏன் என்று விளக்கினால் அதுதான் அவர் வேலை. "வீட்டில் போய் அப்பா அம்மாவை யெஸ் போடச் சொல்லுங்கள்" என்று சொன்னாலோ, பள்ளியின் பேப்பரிலும் ஈமெயிலிலும் பிரசாரம் செய்தாலோ அது தப்பு. பொதுப் பள்ளியின் பணத்தையும் பொருளையும் வைத்து எந்த மெஷருக்கும் (மக்கள் ஓட்டுக்கு வரும் தீர்மானம், ப்ராப்பும் இதில் சேரும்) ஆதரவோ எதிர்ப்போ திரட்டக் கூடாது என்று மாநிலக் கல்விச் சட்டமே சொல்கிறது, பள்ளிக்கே பணம் வரும் மெஷராக இருந்தாலும் அப்படித்தான். முதலில் மகளின் நோட்டை வாங்கிப் பாருங்கள், பிறகு டீச்சரிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். நம் ஆட்களுக்கு நேராக மேலிடத்துக்குப் போகிற அவசரம் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: எனக்குப் பதினாறு வயது, இங்கேயே பிறந்தவன். ஓக்லாந்தில் என் வயதுக்காரர்கள் ஓட்டுப் போடுகிறார்களாமே, நிஜமா? ப்ராப்புக்குமா?
*— பத்தாம் வகுப்பு மாணவன், ஓக்லாந்து*

பதில்: நிஜம்தான் தம்பி, ஆனால் பள்ளி வாரிய உறுப்பினர் தேர்தலுக்கு மட்டும். பெர்க்லியில் 2016-லும் உங்கள் ஊரில் 2020-லும் மக்களே மெஷர் மூலம் அந்த உரிமையைக் கொடுத்தார்கள், நடைமுறைக்கு வந்து முதல் ஓட்டு விழ 2024 நவம்பர் ஆனது. ப்ராப், மேயர், ஜனாதிபதி எல்லாவற்றுக்கும் நீ பதினெட்டு வரை காத்திருக்கத்தான் வேண்டும். நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு ஆகிவிடும் பதினேழு வயதுக்காரர்களுக்கு அதற்கு முந்தைய முதல் சுற்றான ப்ரைமரியில் ஓட்டுக் கொடுக்கலாமா என்று 2020-ல் ப்ராப் 18 கேட்டது, பெரியவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கேள்வி: பேத்தியைப் பார்க்க வந்திருக்கிறேன். சட்டத்துக்கு மக்களே ஓட்டுப் போடுகிறார்கள் என்கிறாள். நம் நாட்டில் இப்படி இல்லையே, ஏன்? இது நல்லதுதானா?
*— ஒரு தாத்தா, கும்பகோணத்திலிருந்து, தற்போது சன்னிவேல்*

பதில்: ஐயா, இங்கும் எல்லா மாநிலத்திலும் கிடையாது. கலிஃபோர்னியாவில் சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனியின் கைக்குள் சட்டமன்றமே இருந்த காலத்தில், ஹைரம் ஜான்சன் என்ற கவர்னர் 1911-ல் கொண்டுவந்த ஏற்பாடு. இப்போது யார் வேண்டுமானாலும் 2,000 டாலர் கட்டி, 180 நாளுக்குள் 5,46,651 கையெழுத்து வாங்கினால் ஒரு சட்டத்தை மக்கள் முன் வைக்கலாம், அரசியல் சட்டத் திருத்தம் என்றால் 8,74,641. கடை வாசலில் அட்டையோடு நிற்பவர்கள் பெரும்பாலும் கூலிக்குக் கையெழுத்து வாங்குகிறவர்கள்தான். இந்தியாவில் சட்டத்துக்கு இந்த வழி இல்லை. 1967-ல் கோவாவிலும் 1975-ல் சிக்கிமிலும் மக்களைக் கேட்டது அந்தப் பகுதிகள் எப்படி இருப்பது என்பதற்காக மட்டும்.

நல்லதா என்றால், பேத்தியோடு ஒரு நடை போய்வாருங்கள். 1978-ல் வந்த ப்ராப் 13, வாங்கிய விலையை வைத்துச் சொத்து வரியை நிர்ணயித்து, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்றது. ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டில், எண்பதுகளில் வாங்கியவர் கட்டும் வரியும் போன வருடம் வாங்கியவர் கட்டும் வரியும் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். வயதானவர்கள் வீட்டை விற்காமல் இருக்க முடிகிறது, இளம் தம்பதிகள் புலம்புகிறார்கள். என்னைக் கேட்டால் வழி நல்லது, ஆனால் ஒரே சீட்டில் பத்துப் பன்னிரண்டு வைத்தால் யார் ஒழுங்காகப் படிப்பார்கள்?

கேள்வி: மகளுக்குப் பதினெட்டு, சான் டியேகோவில் காலேஜ். அவள் ஓட்டுச்சீட்டு வீட்டுக்கு வந்திருக்கிறது. "அவளுக்கு எங்கே நேரம், நானே போட்டு அனுப்பிடறேன்" என்கிறார் கணவர்.
*— மில்பிடாஸ்*

பதில்: பேனாவை வாங்கி வைத்துவிடுங்கள். அடுத்தவர் கையெழுத்தைப் போடுவது குற்றம், கவரில் உள்ள கையெழுத்தைப் பதிவில் இருப்பதோடு ஒப்பிட்டும் பார்ப்பார்கள். சீட்டைப் பிரிக்காமல் அப்படியே அவளுக்குக் கூரியரில் அனுப்புங்கள், அவள் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு அங்கேயே தபாலில் சேர்க்கட்டும், ஸ்டாம்பும் ஒட்ட வேண்டாம். தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரைக்கும் முகவரியை சான் டியேகோவுக்கு மாற்றிக்கொண்டு அந்த ஊர் மெஷர்களுக்கும் அவள் ஓட்டுப் போடலாம். லீவுக்கு வந்து வீட்டில் நிரப்பினால், மூடிக் கையெழுத்துப் போட்ட கவரை உங்கள் கணவர் கொண்டுபோய்ப் பெட்டியில் போடலாம். கவரில் அதற்கென்று இருக்கும் இடத்தில் அவர் தன் பெயரை எழுத வேண்டும், அங்கே மட்டும் பேனாவைக் கொடுங்கள்.