எலுமிச்சை அளவு புளி: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுச் சமையலைப் பற்றியும் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றியும் மனத்தில் தங்கிவிட்ட நினைவு ஒன்றையும், அதையொட்டி எழும் கேள்வியையும் எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஆறு இங்கே இடம்பெறுகின்றன.

கேள்வி: என் அம்மா கல்சட்டியில் வைக்கும் வத்தக்குழம்பு மூன்றாம் நாளும் கெடாது, நாளாக நாளாகச் சுவை ஏறும். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவர் தம் கைப்பட எழுதிய சமையல் நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் உள்ளபடியே செய்தாலும் குழம்பு நீர்த்து, புளிப்பு மட்டும் தூக்கலாக வருகிறது. எல்லோரும் ‘அது கைப்பக்குவம்’ என்கிறார்கள். அப்படியானால் அந்தச் சுவை அவரோடு போய்விட்டதா? – வாசகி, மயிலாடுதுறை

பதில்: போகவில்லை என்றே நான் உறுதியாக நம்புகிறேன். கைப்பக்குவம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும், நோட்டில் ஏறாமல் போன நான்கைந்து செய்திகள்தாம். எழுதியவருக்கு அவை மூச்சுவிடுவதைப் போலப் பழகிப்போனவை என்பதால், அவற்றை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் ‘புளி எலுமிச்சை அளவு, பொடி மூன்று கரண்டி, நல்லெண்ணெய் தாராளமாக, சுண்டக்காய் வற்றல் ஒரு பிடி, கொதித்ததும் இறக்கவும்’ என்று இருக்கிறது. புளி பழையதா புதியதா என்பதும், எந்தக் கரண்டி என்பதும், எந்தப் பாத்திரத்தில் கொதித்தது என்பதும் அதில் இல்லை.

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கல்சட்டி என்பது மாக்கல்லைக் குடைந்து செய்யும் கனத்த பாத்திரம். அது மெதுவாகத்தான் சூடேறும். ஏறிய சூட்டை எளிதில் விடாது. அடுப்பை அணைத்த பிறகும் அதிலுள்ள குழம்பு சில நிமிடங்கள் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், பிறகும் நெடுநேரம் சூடு ஆறாது. ஆகவே உங்கள் அம்மா ‘கொதித்ததும்’ இறக்கிய குழம்பு, இறக்கிய பிறகும் அடுப்பங்கரை மேடையில் அமர்ந்தபடியே வெந்துகொண்டும் சுண்டிக்கொண்டும் இருந்திருக்கிறது. நீங்கள் எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து அதே இடத்தில் அடுப்பை அணைத்தால் கொதி அங்கேயே நின்றுவிடுகிறது. நீர்த்துப் போவதற்கும் பச்சைப் புளி வாசனை தங்குவதற்கும் அதுவே காரணம். எவர்சில்வரில்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், கொதி வந்தபின் தீயைத் தணித்து, எண்ணெய் பிரிந்து ஓரங்களில் வளையமாக மிதக்கும்வரை கூடுதலாகக் கால் மணி நேரமாவது விடுங்கள்.

புளியைப் பொறுத்தவரை, மாசி முதல் சித்திரை வரை இறங்கும் புதுப்புளி செந்நிறமாகவும் வெடுக்கென்ற புளிப்போடும் இருக்கும். கொட்டையெடுத்து, கல்லுப்புச் சேர்த்து ஜாடியில் அடைத்து ஓராண்டு வைத்தால் அது கறுத்து, புளிப்பின் முனை மழுங்கும். வத்தக்குழம்பின் அடர்ந்த நிறத்தில் பாதி அந்தப் பழம்புளி தருவது. அதே எலுமிச்சை அளவுக்குப் புதுப்புளியைக் கரைத்தால் குழம்பு புளிக்கத்தான் செய்யும்.

கரண்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் அஞ்சறைப் பெட்டியோ பொடி டப்பாவோ வீட்டில் இருந்தால் திறந்து பாருங்கள். அவர் எழுதிய ‘கரண்டி’ அதற்குள்ளேயே கிடக்கக்கூடும். என் அத்தை ஒருவரின் பொடிக் கரண்டி, பல ஆண்டுகள் டப்பாவின் அடியைச் சுரண்டிச் சுரண்டி ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தது; கடையில் வாங்கிய மேசைக்கரண்டியில் கொள்வதில் முக்கால் பங்குதான் அதில் கொண்டது. அவருடைய மருமகள் ஆறு மாதம் காரமாகவே குழம்பு வைத்துக்கொண்டிருந்ததற்கு அந்தத் தேய்ந்த விளிம்புதான் காரணம் என்பது அளந்து பார்த்த பிறகே தெரிந்தது.

புதிதாகக் கல்சட்டி வாங்குவதானால் அதைப் பழக்க வேண்டும். எண்ணெயும் மஞ்சளும் தடவி வைத்து, சில நாட்கள் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊறவிட்டு, அதன் பிறகு சிறு தீயில் ஏற்றுங்கள். வெறுமையாக அடுப்பில் வைப்பதும், சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கல்லை விரிசல்விடச் செய்யும்.

கேள்வி: நான் விருதுநகரில் வளர்ந்தவன். மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு அப்பா எங்கள் மூவரையும் எண்ணெய் பரோட்டா சாப்பிட அழைத்துச் செல்வார். இப்போது சென்னையில் எத்தனை கடைகளில் சாப்பிட்டாலும் அது கிடைக்கவில்லை. என் மனம்தான் பழையதைப் பெரிதாக்கிக் காட்டுகிறதா? – வாசகர், சென்னை

பதில்: மனம் சற்றுப் பெரிதாக்கத்தான் செய்யும். ஆனால் உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. நீங்கள் சாப்பிட்டவை இரண்டு வெவ்வேறு பண்டங்கள். பெரும்பாலான ஊர்களில் பரோட்டாவைத் தட்டையான கல்லில் சிறிதளவு எண்ணெய் விட்டுச் சுட்டெடுத்து, நான்கைந்தை ஒன்றாக அடுக்கி, இரு கைகளாலும் பக்கவாட்டில் தட்டி அடுக்குகளைப் பிரிப்பார்கள். விருதுநகர்ப் பரோட்டா அளவில் சிறியது. நடுவில் எண்ணெய் தேங்கி நிற்கும் கல்லில், சுடுவதற்கும் பொரிப்பதற்கும் இடைப்பட்ட பக்குவத்தில், ஓரம் மொறுமொறுப்பாகும்வரை வேகிறது. அந்த மொறுமொறுப்புத்தான் சால்னாவை உறிஞ்சியும் சொதசொதவென்று ஆகாமல் நிற்கிறது. பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடும் பழக்கம் அங்கே வேரூன்றியதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

எந்த ஊர்ப் பரோட்டாவானாலும் மாவுக்கு ஓய்வு வேண்டும். மைதாவை நன்றாகப் பிசைந்ததும் அதிலுள்ள புரதம் இழுவைத்தன்மை பெற்று விறைத்து நிற்கும். எண்ணெய் தடவி, ஈரத்துணி மூடிச் சில மணி நேரம் விட்டால்தான் அது தளர்ந்து, மாஸ்டர் வீசும்போது கிழியாமல் துணியைப் போல் விரியும். மாலையில் கூட்டம் சேரும் கடைகளில் மதியமே மாவு பிசைந்து உருண்டை பிடித்து வைத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவசரத்துக்குப் பிசைந்த மாவில் செய்த பரோட்டா ரப்பராக இழுக்கும்.

இன்னொன்று, நீங்கள் சென்னையில் பெரும்பாலும் பார்சல் வாங்கியே சாப்பிடுவதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். சூடான பரோட்டாவைக் கட்டியதும் அதன் ஆவி வெளியேற வழியில்லாமல் அதன் மேலேயே படிகிறது. பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு முழுவதும் போய்விடும். அப்பா உங்களைக் கடைக்கே அழைத்துச் சென்றார், கல்லுக்கு ஐந்தடி தொலைவில் உட்கார வைத்தார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் பிள்ளைகளையும் அப்படியே அழைத்துச் சென்று உட்கார வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுத் திவசச் சமையலில் மிளகாயே சேர்ப்பதில்லை. ஆனாலும் தாத்தாவின் திவசத்தன்று சாப்பிடும் மிளகுக் குழம்புக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பேன். ஏன் இந்த வழக்கம்? – வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: மிளகாய் நம் மண்ணில் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் சமையலுக்குக் காரம் கொடுத்தது மிளகு. மிளகைப் போல் காரம் தந்த காய்க்கு மிளகாய் என்றே பெயர் வைத்துக்கொண்டோம். தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே வழியில் வந்தவைதாம், அவற்றையும் திவசச் சமையலில் சேர்ப்பதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முன்னோருக்குப் படைப்பதை முன்னோர் அறிந்த பொருள்களாலேயே சமைப்பது என்ற வழக்கத்தால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சமையலறை ஒன்று உங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒருநாள் திறக்கிறது. அந்த மிளகுக் குழம்புக்கு ஆண்டு முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பாட்டியின் ஈயச்சொம்பு எனக்கு வந்திருக்கிறது. அதில் ரசம் வைத்தால் தெருமுனை வரை மணக்கும். ஈயம் உடலுக்குக் கேடு என்று மகன் தடுக்கிறான். வைக்கலாமா, கூடாதா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மகனின் அக்கறை நியாயமானது. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குவதால் வந்த குழப்பம் இது. நச்சு என்று அவர் அஞ்சுவது காரீயத்தை. ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு உலோகம், அதைப் பாத்திரங்களுக்குப் பூசுவதும் உண்டு. ஆனால் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து செய்த சொம்புகளும் விற்பனைக்கு வந்திருக்கின்றன என்பதால், பாட்டி காலத்துச் சொம்பாகவே இருந்தாலும் உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிடுங்கள். புளித்தண்ணீர் கொதிக்கும் பாத்திரம் என்பதால் இந்த ஒரு செலவில் சிக்கனம் வேண்டாம்.

சோதனையில் தேறிவிட்டால், அடுப்பில் கவனம் வேண்டும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் சொம்புக்கு ஒன்றும் ஆகாது. நீர் ஊற்றுவதற்கு முன் அடுப்பை ஏற்றினாலோ, ரசம் வற்றும்வரை மறந்துவிட்டாலோ, அடி ஒழுகிவிடும். எங்கள் வீட்டுச் சொம்பு அப்படித்தான் போனது. தொலைபேசி மணி அடித்ததென்று என் அம்மா கூடத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுப்பின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு குட்டை தேங்கியிருந்தது. அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் தொடவேயில்லை. தாளிப்பையும் தனிக் கரண்டியில் செய்து ரசத்தின் மேல் கொட்டுங்கள், சொம்பில் எண்ணெய் காயவிட வேண்டாம்.

கேள்வி: எல்லோரும் அம்மா சமையல், பாட்டி சமையல் என்று எழுதுகிறார்கள். என் அம்மா விடிவதற்குமுன் நடவு வேலைக்குப் போய்விடுவார். எனக்கு நினைவில் நிற்பது பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அலுமினியத் தட்டில் வாங்கிய சத்துணவும், தட்டின் ஓரத்தில் ஒதுக்கிக் கடைசியாகச் சாப்பிட்ட பருப்புக் குழம்பில் ஊறிய சோறும்தான். இதை வீட்டுச் சாப்பாட்டு நினைவு என்று சொல்லலாமா? – வாசகி, புதுக்கோட்டை

பதில்: தயங்காமல் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் நான் அதிகமுறை படித்தேன்.

நீங்கள் தட்டோடு நின்ற அந்த வரிசைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்தது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலத்தின் ஏழைப் பிள்ளைகளுக்காக விரிந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால், விடியும் முன் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இப்போது காலையிலும் சூடாக உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அப்படியொரு காலை வாய்த்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக வயலுக்குப் போயிருப்பார் என்று எண்ணிப் பார்த்தேன்.

உங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட ஆயாவின் முகம் நினைவிருக்கிறது என்றும், அவர் உங்களுக்கு மட்டும் அடிப்பகுதியிலிருந்து பருப்பை அள்ளி ஊற்றுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெரிய அண்டாவில் பருப்பு அடியில் தங்கும், மேலே தெளிவுதான் வரும். கரண்டியை அடிவரை விட்டு எடுத்தவருக்கு உங்கள் வீட்டு நிலைமை தெரிந்திருக்க வேண்டும். அவர் இன்னும் ஊரில் இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: என் பாட்டிக்கு 82 வயது. எதையும் அளப்பதில்லை, கேட்டால் ‘கண்ணளவுதான்டா’ என்பார். அவருடைய சமையலை எப்படி எழுதி வைப்பது? – வாசகர், திருநெல்வேலி

பதில்: பாட்டியிடம் அளவைக் கேட்காதீர்கள். கேட்டால் அவர் யோசித்து ஒன்றைச் சொல்வார், கை வேறொன்றைச் செய்யும். சிறிய எலக்ட்ரானிக் தராசு ஒன்றை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டு, அவர் புளியைக் கிள்ளி எடுத்ததும் வாங்கித் தராசில் வைத்து எடையைக் குறித்துவிட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். உப்பு டப்பாவைச் சமையலுக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எத்தனை முறை கிள்ளிப் போட்டாலும் கணக்கு வந்துவிடும். ஒரே குழம்பை ஒரு நாள் மட்டும் பார்த்து எழுதாமல், நான்கைந்து முறையாவது பாருங்கள். என் அத்தையின் ‘எலுமிச்சை அளவு’ ஒருநாள் 24 கிராம், இன்னொருநாள் 33 கிராம். ஏனென்று பார்த்தால், 33 கிராம் போட்ட அன்று குழம்பில் இருந்தது கத்தரிக்காய்க்குப் பதில் சேப்பங்கிழங்கு. அதன் அரிப்பை அடக்கக் கூடுதல் புளி வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும், வாய்க்கு வரவில்லை.

பழைய அளவுச் சொற்களைச் சொன்னால் அப்படியே எழுதிக்கொண்டு, பக்கத்தில் இன்றைய அளவையும் குறியுங்கள். ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லிலிட்டர், இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படி ஊருக்கு ஊர் வேறுபட்டது, ஆகையால் பாட்டி வீட்டுப் படி பரணில் கிடந்தால் அதை இறக்கி, தண்ணீர் ஊற்றி அளந்து கொள்ளுங்கள்.

கடிகாரத்தையும் பாருங்கள், ஆனால் அவர் பார்ப்பதையும் பாருங்கள். ‘வாசனை மாறும்’, ‘நுரை அடங்கும்’, ‘கரண்டியில் ஒட்டும்’ என்று அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் மாற்றாமல் எழுதுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வதானால் அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள், தாளிப்புச் சத்தத்தில் பேச்சு கேட்காது. பாட்டிக்குக் காலை வேளையில்தான் பேசப் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தராசோடு போய் உட்காருங்கள்.