வாசகர் கேள்வி – பதில்: பினாங்கில் கல்யாணம், பெட்டியில் கழுத்திரு

கே: அண்ணன் மகன் கல்யாணம் பினாங்கில். கழுத்திருவும் (நகரத்தார் கல்யாணத்தில் அணியும் தாலி நகை) வைர நகைகளும் இங்கிருந்து போகின்றன. திரும்பும்போது திருச்சியில் வரி கேட்பார்களா?
– வாசகி, தேவகோட்டை

ப: கேட்கக்கூடும். மூன்று தலைமுறையாக வீட்டில் இருக்கும் நகை என்பது சுங்க அதிகாரிக்கு எப்படித் தெரியும்? புறப்படும் அன்றே விமான நிலையச் சுங்கத்தில், இந்த நகை இங்கிருந்து போனதுதான் என்று காட்டும் ‘எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்’ வாங்கிவிடுங்கள். அதற்கு முன், அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒவ்வொரு உருப்படிக்கும் மொத்த எடை, கல் நீக்கிய எடை, வைரத்தின் காரட், மதிப்பு எழுதி வாங்கி, வண்ணப் படத்துடன் இரண்டு பிரதி எடுங்கள். அதிகாரி நகையையும் தாளையும் ஒப்பிட்டுத்தான் கையெழுத்திடுவார். இரவு விமானமென்றால் அவரை வரவழைக்கவே நேரம் பிடிக்கும். நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: சான்று பயணியின் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் இருக்கும். போகும்போது ஆச்சி கொண்டுபோய், வரும்போது மருமகள் பையில் வந்தால் சிக்கல். நகையை மூவர் பிரித்து எடுத்தால் சான்றும் மூன்று. நகை கைப்பையில்தான் இருக்க வேண்டும். கழுத்திருவைத் தனிப் பையில் வையுங்கள். ஸ்கேனரில் திறக்கச் சொன்னால் கொக்கிகள் மற்ற சரங்களில் மாட்டாது.

அங்கே சீர்வரிசையாக வரும் நகை இதில் சேராது. வரியில்லா நகைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கே. ஒரு வாரம் போய் வருபவருக்கு இல்லை. வரி கட்ட வேண்டிய பொருள் வைத்திருப்பவர் போகும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரியைக் கட்டிவிடுங்கள்.

கே: பலகாரம், மசாலாப்பொடி, வெற்றிலை, தேங்காய் எல்லாம் பினாங்குக் கல்யாணத்துக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

ப: மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் போன்ற பலகாரம் தாராளமாக. பால்கோவா வேண்டாம். வெற்றிலை, மாவிலை, பூவும் வேண்டாம்: மலேசியாவில் செடிவகைக்கும் பால் பொருளுக்கும் அனுமதிச் சீட்டு கேட்பார்கள். மாலையும் வெற்றிலையும் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலேயே வாங்கலாம். கொப்பரை எண்ணெய்ப்பிடிப்பால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் கூடாது. பவர் பேங்க் கைப்பையில் மட்டும். சிங்கப்பூரும் போவதாக இருந்தால் கசகசா சேர்த்த குருமாப்பொடியை எடுக்கவே எடுக்காதீர்கள்; அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறை அதைத் தடைசெய்திருக்கிறது.

கே: பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், குடும்பப் பெயர் இல்லை. பினாங்குக் கல்யாணத்துக்குப் போக விசா வேண்டுமா? கல்யாணம் முடிந்து ஐந்து நாள் இருக்கிறது, சிங்கப்பூரும் பார்க்க ஆசை, வயதான அப்பத்தாவும் வருகிறார்.
– வாசகர், காரைக்குடி

ப: மலேசியாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாள் விசா இல்லாமல் போகலாம். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. (மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை) படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும்; கட்டணம் இல்லை, பணம் கேட்டால் அது போலித் தளம். சிங்கப்பூருக்கு விசா உண்டு, புறப்பட 30 நாள் இருக்கும்போது அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகக் கொடுங்கள். டிக்கெட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கேட்டுவிட்டுப் போடுங்கள். நீங்களாக அப்பா பெயரைச் சேர்க்காதீர்கள்.

ஐந்து நாளில் மூன்று நகரம் ஓடாதீர்கள். பினாங்குக்கு மூன்று, சிங்கப்பூருக்கு இரண்டு. டிக்கெட்டையும் பினாங்குக்குப் போய் சிங்கப்பூரிலிருந்து திரும்புவதாக எடுங்கள். இடையில் பஸ் வேண்டாம், அப்பத்தாவின் கால் வீங்கிவிடும். விமானம் ஒன்றரை மணி நேரம்தான்.

வாட்டர்ஃபால் ரோட்டில் 1857இல் எழுந்த நகரத்தார் கோயிலில் தரிசனம் எளிது. அருகே மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500க்கும் மேல் படி, அதை இளையவர்களுக்கு விடுங்கள். பினாங் ஹில் இழுவை ரயிலுக்கு வார நாளில், காலையில் முதல் வண்டியிலேயே போனால் வரிசை இருக்காது. பினாங் பெரானாக்கான் (அங்கே குடியேறிய சீனர் வழிவந்தவர்கள்) மாளிகையை மட்டும் விடாதீர்கள்: நடுமுற்றம், ஸ்காட்லாந்து இரும்பு வேலைப்பாடு, இங்கிலாந்துத் தரை ஓடு. அப்பத்தா உங்களைவிட அதிக நேரம் அங்கே நிற்பார்.