கஜிமியெஷ் சந்தைச் சதுக்கம்: சனியா, ஞாயிறா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தின் விரோத்ஸ்வாஃப் நகரில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வருகிறார்கள். ஒரு சனிக்கிழமை அவர்களைக் கிராக்கோவுக்கு அழைத்துப்போய், கஜிமியெஷ் என்ற பழைய யூதப் பகுதியையும் அதன் சந்தைச் சதுக்கமான பிளாட்ஸ் நோவியையும் நடந்தே காட்ட நினைக்கிறேன். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ என்ற பகுதி அங்கேதான் இருந்தது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கே தொடங்குவது? எவ்வளவு நேரம் ஒதுக்குவது? அப்பாவுக்கு மூட்டுவலி. அம்மா சுத்த சைவம்.

ம., விரோத்ஸ்வாஃப்

அன்புள்ள ம.,

முதலில் கிழமையை மாற்றுங்கள். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள். அங்குள்ள ரெமு ஜெப ஆலயமும் (யூதர்கள் தொழும் இடம்) அதை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டமும் அன்று பார்வையாளர்களுக்குத் திறக்காது. ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடுவதால், அன்றும் பொழுது சாய்வதற்குள் பூட்டிவிடுவார்கள். பிளாட்ஸ் நோவியில் பழம்பொருள் சந்தை கூடுவது சனியன்று என்பதால்தான் எல்லோரும் அந்த நாளைச் சொல்கிறார்கள். சந்தைக்காக ரெமுவை விடுவது நஷ்டம். ஞாயிறு காலையிலும் அதே சதுக்கத்தில் துணிமணிச் சந்தை உண்டு. போலந்தில் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் பூட்டியிருக்கும். தண்ணீர், மாத்திரை போன்றவற்றை முதல் நாளே வாங்கி வையுங்கள்.

அலுவலகத்தில் சொன்னது தவறு. கெட்டோ இருந்தது ஆற்றுக்கு அக்கரையில், போத்குஷே பகுதியில். 1941 மார்ச்சில் யூதர்களை அங்கே அடைத்தார்கள். 1943 மார்ச் 13, 14 தேதிகளில் அதை அழித்தார்கள். ஸ்பீல்பெர்க் தன் 1993ஆம் ஆண்டுப் படமான 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'டின் கெட்டோ காட்சிகள் சிலவற்றைக் கஜிமியெஷில் எடுத்ததிலிருந்து இந்தக் குழப்பம் பெருகிவிட்டது. கஜிமியெஷ் யூதர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஊர். அப்படித்தான் அதைப் பார்க்க வேண்டும்.

1335இல் மூன்றாம் கஜிமியெஷ் மன்னர் இதைத் தனி நகரமாக நிறுவினார். 1495இல் யான் ஒல்பிராக்ட் மன்னர் காலத்தில் கிராக்கோவின் யூதர்கள் இங்கே இடம்பெயர வேண்டியதாயிற்று. நகரத்தின் கிழக்கு மூலையில், மதிலுக்குள் ஒரு யூத நகரம் உருவானது. அதன் மையம் ஷெரோகா தெரு. பெயர்தான் தெரு, பார்த்தால் நீண்ட சதுக்கம். 19ஆம் நூற்றாண்டில் மதில் போனபின் யூதக் குடும்பங்கள் மேற்கே பரவின. பிளாட்ஸ் நோவி அந்தப் பரவலில் வந்த சதுக்கம். இதைத்தான் 'யூதச் சதுக்கம்' என்று அழைத்தார்கள். பழமை தேடி இங்கே வருபவர்கள் சாயம்போன வீடுகளையும் தகரக் கூரைக் கடைகளையும் பார்த்து ஏமாந்து போகிறார்கள். பழமைக்கு ஷெரோகா. அன்றாடப் பிழைப்புக்கு இது.

நடுவில் நிற்கும் வட்டக் கட்டடத்தின் பெயர் ஒக்ரோங்லாக். 1900இல் சந்தைக் கட்டடமாக எழுந்தது. 1927இல் யூத சமூகம் இதைக் குத்தகைக்கு எடுத்துக் கோழி அறுக்கும் கூடமாக்கியது. கோஷர் என்ற யூத உணவு முறைப்படி, பயிற்சியும் அனுமதியும் பெற்ற ஷோஹெத் என்பவர்தான் அறுக்க வேண்டும். கத்தியில் ஒரு பிசிறுகூட இருக்கக் கூடாது, இருந்தால் அந்த இறைச்சி ஆகாது. வீட்டில் தானே அறுத்துக்கொள்ள வழியில்லாததால், உயிருள்ள கோழியை ஷோஹெத்திடம் கொண்டுவந்தாக வேண்டும். வெள்ளி இரவு ஓய்வுநாள் விருந்து என்பதால் அதற்கு முந்தைய நேரம்தான் நெரிசல். போர் வரைக்கும் இது நடந்தது. போருக்கு முன் கிராக்கோவின் யூதர்கள் அறுபதாயிரத்துக்குக் குறையாது, நகரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

இப்போது அதே கட்டடத்தின் சுற்று ஜன்னல்களில் ஸபியெகாங்கா என்ற சுட்ட ரொட்டி விற்கிறார்கள். சில வகைகளில் பன்றித் தொடையும் சீஸும் ஒரே ரொட்டியில்! கோஷர் விதிக்கு இதைவிட எதிரான பண்டம் கிடையாது. நீளவாக்கில் பிளந்த பாகெட் ரொட்டியின் ஒரு பாதி, மேலே வதக்கிய காளான், துருவிய சீஸ், அடுப்பில் வாட்டி, கெட்சப் பிழிந்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் மாதிரி ஒன்றைத் தூவித் தருவார்கள். 1970களில் போலந்து முழுவதும் பரவிய தெருத் தீனி. ஏறக்குறைய அரை மீட்டர் நீளம் இருக்கும். இருவருக்கு ஒன்று போதும். ஒவ்வொரு ஜன்னலும் தனிக் கடை. நீண்ட வரிசையைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்பே சுட்டு வைத்ததைத் திரும்பச் சூடாக்கித் தந்தால் ரொட்டி ரப்பராகிவிடும். கண்ணெதிரே காளான் பரப்பி அடுப்பில் வைக்கும் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

அம்மாவுக்குக் காளானும் சீஸும் மட்டும் உள்ள அடிப்படை வகை. 'பெஸ் மியென்ஸா' என்று சொல்லுங்கள், மாமிசம் இல்லாமல் என்று பொருள். ஆனால் ஐரோப்பிய சீஸ் பலவற்றில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட் சேர்ந்திருக்கும். அடுப்புத் தட்டும் பொதுவானது. அம்மா அவ்வளவு கண்டிப்பு என்றால் இது வேண்டாம். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் அடைத்த பியெரோகி என்ற கொழுக்கட்டை கிடைக்கும். பட்டியலில் சைவம் என்று போட்டிருந்தாலும் மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகளைத் தூவிவிடுவார்கள். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று முன்பே சொல்லாவிட்டால் தட்டு வந்தபிறகு ஒன்றும் செய்ய முடியாது. பீட்ரூட் சூப்பும் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில் செய்வதுதான். ஷெரோகாவில் யூத உணவு என்று பலகை மாட்டிய கடைகள் பெரும்பாலும் யூத 'பாணி' மட்டுமே. அவற்றைக் கோஷர் என்று நினைத்துவிடாதீர்கள்.

எப்போதாவது நீங்கள் மட்டும் சனியன்று வந்தால், பழம்பொருளுக்குக் கையில் ஸ்லோட்டி நோட்டு வேண்டும். காலையிலேயே போக வேண்டும். மதியம் திரும்பினால் பாதிப் பேர் மூட்டை கட்டியிருப்பார்கள். பழைய மெனோரா என்ற யூதர்களின் கிளைவிளக்கு, நாஜிச் சின்னம் என்று காட்டுவதில் புதிதாகச் செய்து கறுப்பாக்கியவை நிறைய. உண்மையிலேயே பழையது என்றால் அது யார் வீட்டிலிருந்து வந்தது என்ற கேள்வி இருக்கிறது. வயதும் மதிப்பும் ஒரு வரம்பைத் தாண்டிய பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதியும் தேவை. நினைவுப்பொருள் கடைகளில் கையில் நாணயம் பிடித்த யூதர் பொம்மை கண்ணில் படும். பணம் சேரும் என்று சொல்லி விற்பார்கள். யூதர் என்றால் வட்டிக்காரர் என்ற பழைய வசைதான் அது, வாங்காதீர்கள்.

இனி வழி. ரயில் நிலையத்திலிருந்து டிராமில் வந்து ஸ்தரோவிஷ்ல்னா தெருவில் மியோதோவா நிறுத்தத்தில் இறங்குங்கள். மியோதோவா தெருவில் மேற்கே நடந்தால் இடப்புறம் கூபா ஜெப ஆலயம், வலப்புறம் 1860களின் டெம்பல் ஜெப ஆலயம். எஸ்தெரி தெருவில் இடது பக்கம் திரும்பினால் பிளாட்ஸ் நோவி. (எஸ்தெரி, கஜிமியெஷ் மன்னரின் காதலியாகக் கதைகளில் வரும் யூதப் பெண். மன்னர் பெயரில் ஊர், அவள் பெயரில் ஒரு தெரு.) சந்தை கலையுமுன் இதை முடித்துவிட்டு, மைஸெல்ஸா தெரு 17ஆம் எண்ணின் அருகிலுள்ள முற்றத்தின் வழியே யூஸெஃபா தெருவுக்குக் கடந்து போங்கள். மேலே சொன்ன படக்காட்சிகள் எடுத்த முற்றம் இதுதான். மரப்படிக்கட்டில் கூட்டம் படமெடுத்துக்கொண்டிருக்கும்.

யூஸெஃபாவில் கிழக்கே போனால் உயர் ஜெப ஆலயம். தொழுகைக் கூடம் மாடியில் இருப்பதால் அப்பாவுக்கு வெளியிலிருந்து பார்த்தால் போதும். தெரு முடியுமிடத்தில் பழைய ஜெப ஆலயம், இப்போது அருங்காட்சியகம். அதன் தளம் தெருமட்டத்துக்குக் கீழே, படி இறங்க வேண்டும். மூட்டு ஒத்துழைத்தால் இதற்குள் மட்டும் போகலாம். அங்கிருந்து ஷெரோகாவில் வடக்கே நடந்தால் இடப்புறம் ரெமு.

ரெமுவுக்கு அவசரப்படாமல் முக்கால் மணி நேரம் கொடுங்கள். இன்றும் தொழுகை நடக்கும் இடம். ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி எடுத்துப் போங்கள். இங்கே அடங்கியிருப்பவர் மோசே இஸ்ஸெர்லெஸ், 1572இல் மறைந்தவர். ஸ்பெயின் வழி வந்த யூதர்களின் வழக்கப்படி யோசேப் காரோ தொகுத்த சட்டநூலுக்கு, போலந்து, ஜெர்மன் யூதர்களின் வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்தவர். கல்லறைமேல் பூ வைக்கும் வழக்கம் இல்லை, கூழாங்கல் வைப்பார்கள். 1959இல் தோண்டியபோது மண்ணுக்கடியில் நூற்றுக்கணக்கான பழைய கற்கள் கிடைத்தன. உடைந்துபோன கற்களைச் சுற்றுச்சுவரில் பதித்திருக்கிறார்கள். தரை மேடுபள்ளம், மழை பெய்திருந்தால் வழுக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷெரோகாவின் வடமுனையிலிருந்து மீண்டும் மியோதோவா நிறுத்தம் கூப்பிடு தூரம். மொத்த நடை ஒன்றரை கிலோமீட்டருக்குள்தான். ஆனாலும் உருளைக்கல் தரை என்பதால் தடித்த அடிப்பாகமுள்ள காலணி போடச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு நான்கு மணி நேரம். இன்னும் தெம்பிருந்தால் அதே தெருவில் ஆற்றைத் தாண்டும் டிராமில் ஏறுங்கள்; இரண்டாவது நிறுத்தம் கெட்டோ வீரர்கள் சதுக்கம். உலோக நாற்காலிகள் நிற்கும் அந்த இடத்திலிருந்துதான் யூதர்களை ரயிலேற்ற அழைத்துப் போனார்கள். மூலையில் கெட்டோவுக்குள் இயங்கிய பான்கியெவிச் என்பவரின் மருந்துக்கடை, இப்போது அருங்காட்சியகம். கெட்டோ மதிலின் மிச்சம் ல்வோவ்ஸ்கா தெருவில் இருக்கிறது. ரெமு மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், யூதப் பண்டிகை நாட்களிலும் திறக்காது. டிக்கெட் போடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.