நாமினி போட்டாச்சு, உயில் எழுதியாச்சா?

கேள்வி: நானும் என் துணைவியும் 11 வருடமாகக் கோவையில் ஒன்றாக வாழ்கிறோம். இருவரும் பெண்கள். 2021-ல் நான் தனி நபராக விண்ணப்பித்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தேன், இப்போது ஆறு வயது. வீட்டில் இருவரையும் அம்மா என்பாள், வெளியில் என் துணைவி அவளுக்குப் பெரியம்மா. நான் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், துணைவி தையல் யூனிட் நடத்துகிறார். ஃபிளாட் இருவர் பெயரிலும் சரிபாதி. கூட்டுக் கணக்கில் 18 லட்சம் எஃப்.டி. துணைவி 1 கோடிக்கு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் வரும் ஆயுள் காப்பீடு) எடுத்து என்னை நாமினியாகப் போட்டிருக்கிறார். அவருக்கு அப்பா, அம்மா, எங்களோடு பேசாத ஓர் அண்ணன். நாங்கள் செய்திருப்பது போதுமா?

பதில்: போதாது. ஆனால் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள், அதுவே பெரிய விஷயம்.

தன்பாலின இணையர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நல்லதுதான். அதை வைத்துக்கொண்டு நாமினி என்றால் சொந்தக்காரர் என்று நினைத்துவிடுகிறோம், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வங்கியில் நாமினி பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான். பணம் யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயில் சொல்லும், உயில் இல்லாவிட்டால் வாரிசுச் சட்டம் சொல்லும் (நீங்கள் இந்துக்கள் என்று வைத்துச் சொல்கிறேன்). அந்தச் சட்டத்தின் கண்ணில் உங்கள் துணைவி திருமணம் ஆகாத பெண். அவர் உயில் எழுதாமல் போய்விட்டால் அவருடைய பாதி ஃபிளாட் முதலில் அப்பா அம்மாவுக்குப் போகும், அவர்களும் இல்லையென்றால் அப்பா வழியில் அந்தப் பேசாத அண்ணனிடம் வந்து நிற்கும். உங்களுக்கும் மகளுக்கும் ஒரு செங்கல்கூட வராது.

பாலிசியிலும் இதே கதை. காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் காப்பீட்டுப் பணம் அவர்களுக்கே சொந்தம். நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அந்த 1 கோடியையும் பாலிசி எண்ணோடு அவருடைய உயிலில் எழுதியே ஆக வேண்டும்.

உங்கள் பக்கம் கொஞ்சம் வசதி அதிகம், ஏனென்றால் மகள் சட்டப்படி உங்கள் மகள். நீங்களும் ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள் (உங்கள் பெயரில் ஒன்றுமே சொல்லவில்லையே, ஏன்?), மகளை நாமினியாகவும் துணைவியை அப்பாயின்டியாகவும் போடுங்கள். மகளுக்கு 18 ஆகும்வரை பணத்தைப் பெறுகிறவர் துணைவி, பணம் மகளுடையது. பி.எஃப்.-ல் துணைவியைப் போட முயல வேண்டாம், குடும்பம் உள்ளவர் வெளி ஆளைப் போட்டால் செல்லாது. அங்கே மகள் பெயர்தான்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நாளை உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தக் குழந்தை யாரிடம் வளரும்? இருவரும் சேர்ந்து தத்தெடுக்க வழி இல்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்த விதியை அப்படியே விட்டுவிட்டது. இத்தனை வருடம் தூங்க வைத்தவர், காய்ச்சலுக்கு விழித்திருந்தவர் காகிதத்தில் யாருமே இல்லை. உங்கள் உயிலில் அவரைக் காப்பாளர் என்று பெயர் சொல்லி, காரணமும் சொல்லி எழுதுங்கள். நீதிமன்றம் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றில்லை, குழந்தையின் நலனைத்தான் பார்க்கும். அதனால் பள்ளிப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, கட்டண ரசீது என்று அவர் பெயர் வருகிற எதையும் தூக்கி எறியாதீர்கள். திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்லை என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது மனதுக்குத் தெம்பு, ஆனால் பதிவு அலுவலகக் கவுன்டரில் கேட்பது பத்திரத்தைத்தான்.

அப்புறம், வரி. கணவன் மனைவிக்கு எவ்வளவு கொடுத்தாலும் அன்பளிப்பு வரி இல்லை. நீங்கள் சட்டத்துக்கு அந்நியர்கள் என்பதால் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவருக்கு முழுத் தொகைக்கும் வரி. துணைவி குழந்தைக்குக் கொடுத்தாலும் அப்படித்தான், அது உங்கள் வருமானத்தில் வந்து சேரும். ஆனால் உயில் வழியாக வருவதற்கு இந்த வரி கிடையாது. ஆகவே மகளுக்காக அவர் சேர்ப்பதைத் தன் பெயரிலேயே மியூச்சுவல் ஃபண்டில் சேர்த்து, உயிலில் அவளுக்கு எழுதட்டும். செல்வமகள் சேமிப்புக் கணக்கை நீங்கள்தான் தொடங்க முடியும், வருடத்துக்கு 1.5 லட்சம் வரை போடலாம், மகளுக்குப் பத்து வயதாகும் முன் தொடங்கிவிடுங்கள்.

உயில் இரண்டு, தனித்தனியாக. இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் மருத்துவராக இருந்தால் அண்ணன் நாளை “சுயநினைவோடு எழுதவில்லை” என்று கிளம்புவது கடினம். பதிவு கட்டாயம் இல்லை, நீங்கள் பதியுங்கள். இந்த மாதமே ஒரு வழக்கறிஞரிடம் நேரம் வாங்குங்கள், அவரிடம் உறவை மறைத்துப் பேச வேண்டாம், தோழி என்று மழுப்பினால் உயிலும் மழுப்பலாகத்தான் வரும்.