சித்தியின் வசவும் அகர வரிசையும்

அன்புள்ள அக்கா,

அமெரிக்க எழுத்தாளர் பெல் காஃப்மனைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்த நாலு வரியைப் பார்த்துவிட்டு அவருடைய 'அப் த டவுன் ஸ்டேர்கேஸ்' நாவலைத் தேடிப் பிடித்தேன். இரண்டு நாளில் முடித்துவிட்டேன். அவர் யூத எழுத்தாளர் ஷோலம் அலைகெமின் பேத்தி என்று அப்புறம்தான் தெரிந்தது. தாத்தா ஊரையே சிரிக்க வைத்தவர், வீடெல்லாம் கதை. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தால் எழுத்து தானாக வந்துவிடாதா? எங்கள் வீட்டில் கதை சொல்ல ஆளே இல்லை. அப்பா பேச மாட்டார். அத்தை வாயைத் திறந்தால் வசவுதான். எனக்கும் எழுத ஆசை. ஆனால் கையில் ஒன்றுமில்லாமல் கடை திறக்க வந்தவள் மாதிரி இருக்கிறது.

எம்.

---

அன்புள்ள எம்.,

அத்தையின் வசவை ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் பொறாமைப்படுகிற அந்தக் குடும்பத்தில் எழுத்து ஆரம்பித்ததே ஒரு வசவுப் பட்டியலில்தான்.

ஷோலம் ரபினோவிச் என்பது தாத்தாவின் இயற்பெயர். 1859இல், இன்றைய உக்ரைனில் இருக்கும் பெரெயாஸ்லாவில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் அம்மா காலராவில் போய்விட்டார். அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். பெர்டிசேவ் ஊரிலிருந்து வந்த சித்திக்கு வாய் நீளம். பையன் வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறதோ அதையே பிடித்துக்கொண்டு அதன் வாலில் ஒரு சாபத்தைக் கட்டிவிடுவாராம். சாப்பிடணும் என்றால், உன்னைப் புழு சாப்பிட. குடிக்கணும் என்றால், உன் ரத்தத்தை அட்டை குடிக்க. தைக்கணும் என்றால், உனக்குப் பிணத்துணி தைக்க. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழியான இத்திஷ், இந்த விஷயத்தில் பெரும் பணக்காரி. 'வெங்காயம் மாதிரி தலை மண்ணுக்குள் போக வளரு' என்பதும், 'பல்லெல்லாம் கொட்டிப் போகட்டும், ஒன்று மட்டும் பல்வலிக்கு மிஞ்சட்டும்' என்பதும் அங்கே ஊர்ச்சொத்து.

பையன் அழுதிருப்பான், அது இருக்கட்டும். ஆனால் கூடவே ஒவ்வொரு வசவையும் குறித்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறான். நிறையச் சேர்ந்ததும் உட்கார்ந்து அகர வரிசையில் அடுக்கி, அகராதி மாதிரி ஆக்கிவிட்டான். ஒருநாள் அது அப்பா கையில் சிக்கியது. தொலைந்தோம் என்று பையன் நடுங்கிக்கொண்டிருக்க, வாசிக்கக் கேட்ட சித்தி விழுந்து விழுந்து சிரித்தாராம். பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் அந்த அகர வரிசைதான் பெரிய விஷயம். திட்டு வாங்காத பிள்ளை உலகத்தில் யார்? ஆனால் அடுக்க ஆரம்பித்துவிட்டால், 'அடடா, இந்த எழுத்துக்கு இன்னும் ஒன்றுகூட விழவில்லையே' என்று ஒரு கவலை வந்துவிடும் பாருங்கள், அதற்குப் பிறகு சித்தி வாயைத் திறந்தால் மனசு பேனாவைத் தேடும். யூத நகைச்சுவை என்றாலே 'கண்ணீருக்கு நடுவே சிரிப்பு' என்று ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், எனக்கு அது அலுத்துவிட்டது. அந்தப் பையன் பார்த்தது குமாஸ்தா வேலை.

அப்புறம் அவர் வளர்ந்து, பணக்கார வீட்டுப் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் அவளையே கட்டிக்கொண்டு, மாமனார் சொத்து கைக்கு வந்து, அத்தனையையும் கீவ் பங்குச் சந்தையில் 1890இல் தொலைத்தார். கடன்காரர்களுக்குப் பயந்து ஊரைவிட்டே போனார். கணக்கைத் தீர்த்தது மாமியார். இரண்டே வருஷத்தில் மெனாகெம் மெண்டல் என்று ஒரு ஆள் அவர் கதைகளில் வந்துவிட்டான். சூதாட்டம் மாதிரி எதிலெல்லாமோ பணத்தைப் போட்டுவிட்டு, இதோ லட்சாதிபதி ஆகப்போகிறேன் என்று பெண்டாட்டிக்குக் கடிதம் எழுதுகிறவன். அவளுடைய பதிலில் வசவு கொட்டுகிறது, அதுவும் 'எங்கம்மா சொல்கிற மாதிரி' என்று அம்மாவின் பழமொழியைச் சேர்த்துக்கொண்டு. சித்தியின் தாள்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரிகிறதா? மாமியாரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார் என்பது என் சந்தேகம்.

இப்போது பேத்திக்கு வருகிறேன். தாத்தா மடியில் உட்கார்ந்து கதை கேட்டு வளர்ந்தவர் என்றுதானே நினைத்தீர்கள்? பெல் பிறந்தது 1911 மே 10. தாத்தா நியூயார்க்கில் இறந்தது 1916 மே 13. ஐந்து வயது முடிந்து மூன்றே நாள், அதுவும் இடையில் போர் வந்து குடும்பம் கண்டம் விட்டுக் கண்டம் பிரிந்து கிடந்தது. நேரில் கிடைத்தது கொஞ்சம்தான்: நீ என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறாயோ அவ்வளவு நன்றாக எழுதுவேன் என்று அவர் சொன்னது, சீக்கிரம் வளர்ந்து எழுதக் கற்றுக்கொள், அப்போதுதான் நீ எனக்குக் கடிதம் போட முடியும் என்று அவர் எழுதியது. இன்னொரு வேடிக்கை, அந்த வீட்டின் பேச்சு மொழி ரஷ்யன். இத்திஷ் மொழிக்கே அடையாளமான மனிதரின் பிள்ளைகள் வீட்டில் பேசியது ரஷ்யன்! தாத்தாவைப் பேத்தியிடம் கொண்டுவந்து சேர்த்தவர் அம்மா லியாலா. அவரும் கதை எழுதியவர்தான், அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பன்னிரண்டு வயதில் ஒடெஸாவிலிருந்து நியூயார்க். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது என்பதால் ஒன்றாம் வகுப்பில், ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். பிறகு கல்லூரியில் மிக நல்ல மதிப்பெண், முதுகலை எல்லாம் ஆனபிறகும் ஆசிரியர் உரிமத் தேர்வில் உச்சரிப்பு சரியில்லை என்று தள்ளிவிட்டார்கள். எட்னா செயின்ட் வின்சென்ட் மில்லேயின் ஒரு கவிதைக்குத் தவறாகப் பொருள் சொன்னதாகவும் ஒருமுறை தோற்றார். கவிஞருக்கே கடிதம் எழுதினார், நீ சொன்னதுதான் சரி என்று பதில் வந்தது. தேர்வில் தோற்றது தோற்றதுதான்.

இந்த ஆபீஸ் வெறுப்பெல்லாம் 1965இல் ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றிய அந்த நாவலாக வந்தது. நீங்களே வாசித்தீர்கள், அதில் கதைசொல்லியின் வர்ணனை என்று எதுவும் கிடையாது. சுற்றறிக்கை, மாணவர்கள் ஆலோசனைப் பெட்டியில் போட்ட துண்டுச்சீட்டு, கடிதம், குப்பைக்கூடைக் காகிதம். இறங்கும் படிக்கட்டில் ஏறிய குற்றத்துக்காக ஒரு பையனைப் பிடித்து வைத்த குறிப்புதான் தலைப்பே. மற்றவர்கள் வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கி வரிசை மாற்றி அடுக்குகிற வேலை. சித்தி, அகராதி, அப்புறம் இது. ரத்தத்தில் வந்தது என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், எனக்கு இது கைப்பழக்கமாகத்தான் தெரிகிறது. நூறு வயதை நெருங்கும்போதுகூட ஹண்டர் கல்லூரியில் யூத நகைச்சுவை பற்றிப் பாடம் எடுத்திருக்கிறார். 2014இல், 103 வயதில் இறந்தார்.

தாத்தாவின் உயிலைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மகன் மிஷா காசநோயில் இறந்த துக்கத்தில், 1915இல் எழுதியது. பணக்காரர்கள் நடுவே புதைக்காதீர்கள், உழைக்கிற சனங்கள் நடுவே புதையுங்கள். நினைவு நாளில் என் கதைகளில் நல்ல சிரிப்பான ஒன்றை, புரிகிற எந்த மொழியிலாவது வாசியுங்கள். சிரிப்போடு நினைக்க முடியாவிட்டால் நினைக்கவே வேண்டாம் என்று கேட்டிருந்தார். ஊர்வலத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பாவம், மனிதருக்கு 13 என்றால் பயம். கையெழுத்துப் பிரதியில் 12க்கு அடுத்த பக்கத்துக்கு 12அ என்று போடுகிறவர். போனது என்னவோ 13ஆம் தேதி. கல்லறையிலும் 12அ என்றே பொறித்தார்கள்.

சரி, அத்தைக்கு வருவோம். ஒரு நோட்டு வாங்குங்கள். அவர் சொன்னதை அப்படியே, திருத்தாமல், எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறதோ அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு அனுப்புங்கள். 'ங' பக்கம் காலியாக இருந்தால் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா