கர்த்தர் அனுமதித்தார் என்று வண்டி ஓட்டியவர் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காடு. என் வீட்டுக்காரர் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். நான்கு மாதத்துக்கு முன்னால், பையனுக்கு மருந்து வாங்கி வரச் சொல்லி நான்தான் அவரைச் சேலத்துக்கு அனுப்பினேன். பைக்கில் திரும்பி மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மேலிருந்து இறங்கிய கார் மோதி இறந்துவிட்டார். கார் ஓட்டியவர் குடித்திருந்தது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. அவரும் எங்கள் சபைதான். வீட்டுக்கு வந்து அழுதார். “கர்த்தர் அனுமதிக்காம என் வண்டி அங்க திரும்பியிருக்குமா அக்கா? அண்ணனோட நாள் அன்னிக்குன்னு குறிச்சிருந்தது” என்றார். மூப்பர்களும் என் வீட்டுக்காரரின் அண்ணனும் அதையே சொல்கிறார்கள். தேவ சித்தத்தை எதிர்த்துக் கேஸ் நடத்தாதே, விசுவாசி மேல் விசுவாசி கோர்ட்டுக்குப் போகக் கூடாது, மன்னித்து எழுதிக் கொடுத்துவிடு என்கிறார்கள். எனக்கு இரண்டு பிள்ளைகள். எல்லாம் அவர் சித்தம் என்றால் யாரைக் குற்றம் சொல்வது? இழப்பீடு கேட்டால் கர்த்தரோடு வழக்காடுகிறேன் என்று ஆகுமா? அன்று காலையிலும் அவருக்காக ஜெபம் பண்ணினேனே?

— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவர் அப்படிச் சொல்லக் கூடாது. நீங்கள் இழப்பீடு கேட்பது கர்த்தரோடு வழக்காடுவதும் ஆகாது. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு மாதமாக ஆளாளுக்கு வந்து வசனம் சொல்லிக் குழப்பியிருக்கிறார்கள். காரணங்களைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

உங்களிடம் இவர்கள் சொல்லும் வாதத்துக்கு வேதத்தில் மிக அருகில் வருவது, அண்ணன்மாரே குழியில் தள்ளி விற்றுவிட்ட யோசேப்பின் கதை. “நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ… அதை நன்மையாக முடியப்பண்ணினார்” என்ற ஆதியாகமம் 50-ஆம் அதிகாரத்து வசனத்தை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதைச் சொன்னது யார் என்று பாருங்கள். குழிக்குள் தள்ளப்பட்டவன் சொன்னான். தள்ளியவர்கள் சொல்லவில்லை. அண்ணன்மார் யோசேப்பிடம் வந்தபோது, “எல்லாம் தேவன் வகுத்த வழி, நாங்கள் என்ன செய்வோம்” என்று பேசவில்லை. நாங்கள் செய்தது துரோகம், பாதகம், மன்னிக்க வேண்டும் என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். யோசேப்பும் அவர்கள் செய்ததைத் தீமை என்றே சொன்னான். தேவன் அதிலிருந்து நன்மையை எடுத்தார் என்று அறிக்கையிட அவனுக்குப் பல வருடம் ஆயிற்று. அந்த வார்த்தை ஒருநாள் உங்கள் வாயிலிருந்து வந்தால் அது விசுவாசம். வராமலே போனாலும் நீங்கள் விசுவாசிதான். ஆனால் அதைக் கார் ஓட்டியவர் எடுத்து உங்கள் கையில் திணிக்க முடியாது.

சிலுவையைப் பற்றியும் வேதம் இப்படித்தான் பேசுகிறது. தேவனுடைய சித்தம் என்று கிறிஸ்தவர்கள் ஒருமித்துச் சொல்லும் காரியம் ஒன்று உண்டென்றால் அது சிலுவைதான். பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, அது “தேவன் நிர்ணயித்திருந்த ஆலோசனையின்படி” நடந்தது என்கிறார். அதே வாக்கியத்தை முடிக்கும் முன்பே, “நீங்கள் பிடித்து… கொலைசெய்தீர்கள்” என்றும் சொல்லிவிடுகிறார். யூதாசைக் குறித்து இயேசுவும், எழுதியிருக்கிறபடியே மனுஷகுமாரன் போகிறார், ஆகிலும் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ என்றார். உலக இரட்சிப்புக்கான காரியத்திலேயே மனிதனின் பொறுப்பு கழியவில்லை. ஒரு பாட்டில் சாராயத்துக்குப் பின் ஸ்டியரிங்கைப் பிடித்த காரியத்தில் எப்படிக் கழியும்?

இதைவிட உங்கள் வழக்குக்கு நேராகப் பொருந்துகிற பகுதி மோசேயின் சட்டத்தில் இருக்கிறது. பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

உபாகமம் 19-இல் இரண்டு பேர் காட்டுக்கு மரம் வெட்டப் போகிறார்கள். கோடரியின் இரும்பு காம்பை விட்டுக் கழன்று பக்கத்தில் இருந்தவன் மேல் பட்டு அவன் இறக்கிறான். வெட்டியவனுக்குப் பகை இல்லை, முன்யோசனை இல்லை. அவன் ஓடிப் பிழைக்க அடைக்கலப் பட்டணங்கள் வைக்கப்பட்டன. யாத்திராகமம் 21-இல் இப்படிப்பட்ட சாவைத் ‘தேவச்செயலாய்’ நேரிட்டது என்றே சொல்லியிருக்கிறது. கார் ஓட்டியவர் மனதில் தன்னை இந்த இடத்தில்தான் வைத்துக்கொள்கிறார் போலும்.

ஆனால் அதே 21-ஆம் அதிகாரம் கொஞ்சம் தள்ளி முட்டுகிற மாட்டைப் பற்றிப் பேசுகிறது. மாடு முட்டி ஒருவர் இறந்தால் மாட்டுக்காரன் மேல் குற்றமில்லை. அந்த மாடு முட்டும் என்பது முன்பே தெரிந்து, எச்சரித்தும் அவன் அதைக் கட்டி வைக்காமல் விட்டிருந்தால் சாவுக்கு அவனே பொறுப்பு. உபாகமம் 22 இன்னும் ஒரு படி மேலே போகிறது: “நீ புதுவீட்டைக் கட்டினால்” மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும், இல்லாவிட்டால் விழுந்தவனுடைய இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது. ஒவ்வொரு உயிரின் நாளும் கர்த்தர் கையில் இருக்கிறது என்று நம்பிய மக்களுக்குக் கொடுத்த சட்டம் இது. நாள் அவர் கையில் இருக்கிறது, ஆகவே சுவர் வேண்டாம் என்று அந்த மக்களுக்குச் சொல்லப்படவில்லை.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரியும், அகலம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று. குடித்தால் கையும் கண்ணும் சொன்னபடி கேட்காது என்பதும் தெரியும். முட்டும் என்று தெரிந்த மாட்டை அவர் அவிழ்த்துவிட்டார். பகையில்லாமல் கழன்ற கோடரிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை அவருடைய கண்ணீர் குறைக்காது. அந்தக் கண்ணீர் உண்மையானது என்றே நான் நம்புகிறேன்.

சரி, தேவனுடைய சர்வ ஆளுகை என்ன ஆயிற்று என்று மூப்பர்கள் கேட்கலாம். இந்த விஷயத்தில் சபைகள் நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கின்றன. மனித சித்தம் சுதந்திரமானது என்று கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் 1524-இல் எழுத, பாவத்துக்கு அடிமைப்பட்டது என்று சீர்திருத்தவாதி லூத்தர் 1525-இல் மறுத்தார். கத்தோலிக்கத்துக்குள்ளேயே டொமினிக்கன் துறவிகளும் இயேசு சபையாரும் கிருபையையும் சுயாதீனத்தையும் பற்றி மோதி ரோமாபுரி வரை போனார்கள். 1607-இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் எந்தப் பக்கத்துக்கும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பதிதர் என்று அழைக்காதீர்கள் என்று அனுப்பிவைத்தார்.

இத்தனை பிரிவிலும் ஒரு புள்ளியில் இவர்கள் பிரியவில்லை. நடப்பதெல்லாம் தேவன் நியமித்ததே என்று சொல்வதில் சீர்திருத்தச் சபையார் 1646-இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையைவிடக் கறாரானது அரிது. அதன் மூன்றாம் அதிகாரம் அந்த வாக்கியத்தோடு சேர்த்தே, தேவன் பாவத்தைப் பிறப்பிக்கிறவர் அல்லர், சிருஷ்டிகளின் சித்தம் பலவந்தப்படுத்தப்படுவதும் இல்லை என்று எழுதுகிறது. மறுபக்கத்தில், அப்போஸ்தலன் பவுலின் அழைப்பைப் போலவே யூதாசின் துரோகமும் தேவனுடைய சொந்தச் செயல்தான் என்று எவனாவது சொன்னால் அவன் சபிக்கப்பட்டவன் என்று 1547-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் முடிவு செய்தது. வெஸ்லியின் வழி வந்த மெதடிஸ்டுகளைச் சொல்லவே வேண்டாம், மனிதனின் பொறுப்பை அவர்கள் எப்போதும் அழுத்திச் சொன்னவர்கள். இந்தப் பெரிய மரபுகளில் எதில் போய்த் தேடினாலும், “கர்த்தர் அனுமதித்தார், ஆகவே என்மேல் பழி இல்லை” என்பதற்கு இடம் கிடைக்காது.

அன்று காலை பண்ணிய ஜெபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட அது கடினம். அந்தக் காரைக் கர்த்தர் திருப்பினார் என்று நான் நம்பவில்லை. தடுக்க அவரால் முடியும் என்று நம்புகிறேன். ஏன் தடுக்கவில்லை என்பதை உங்களுக்கு எழுதிக் கொடுக்க எந்தப் போதகராலும் முடியாது, முடியும் என்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். தம்பி லாசருவை இழந்த மார்த்தாளும் இதையே கேட்டாள்: நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டானே. இயேசு அவளைக் கடிந்துகொள்ளவில்லை. ‘பிதாவின் சித்தம்’ என்று சொல்லி வாயை அடைக்கவும் இல்லை. கல்லறைக்குப் போகும் வழியில் அவரே அழுதார். உங்கள் ‘ஏன்’ என்ற கேள்வியை ஜெபத்தில் அப்படியே வையுங்கள். சங்கீதங்களில் எத்தனையோ அந்தக் கேள்விதான்.

“நான்தான் அனுப்பினேன்” என்ற வரியைக் கடிதத்தில் அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு மருந்து வாங்க அனுப்பினீர்கள். குடிப்பது என்று முடிவு செய்தவர் வேறொருவர். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளோ என்று கேட்டு, அல்ல என்று பதிலும் சொன்னவர் இயேசு. உங்களையும் அவர் அப்படி எண்ணமாட்டார்.

கோர்ட்டுக்குப் போகாதே என்பதற்கு 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டுகிறார்கள். முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். சகோதரனுக்கு அநியாயம் செய்கிறவர்களை அங்கே பவுல் கடிந்துகொள்கிறார். வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகி இல்லையா என்றும் கேட்கிறார். அப்படியானால் சபை உட்கார்ந்து, இந்த இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் யார் என்ன தருவது என்று தீர்ப்புச் செய்திருக்க வேண்டும். உங்களை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்வது அந்த அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது ஆகாது. தனக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது அதே பவுல் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார், அப்போஸ்தலர் 25-இல்.

மன்னிப்பு வேறு காரியம். அதைக் கொடுப்பதும் கொடுக்கும் நாளும் உங்கள் கையில். அழுத்திப் பிடுங்கினால் அது மன்னிப்பு ஆகாது. இதிலும் உங்களுக்குச் சுயசித்தம் உண்டு, சகோதரி, அதைக் கர்த்தர் மதிக்கிறார். மனதார மன்னித்துவிட்டு, வழக்கில் உண்மையைச் சாட்சி சொல்லவும் உங்களால் முடியும். அநியாயமாய் வாங்கிய வரிவசூல்காரன் சகேயு மன்னிப்புப் பெற்ற அன்றே நாலத்தனையாய், நான்கு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். மனம் திரும்பினவர் இழப்பீட்டைக் கண்டு ஓடமாட்டார்.

இனிச் செய்ய வேண்டியது. போலீஸ் போட்ட வழக்கை அரசு நடத்துகிறது. அதை வாபஸ் வாங்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை, ஆகவே அதை வைத்து உங்களைக் குற்றப்படுத்துவதற்கே இடமில்லை. இழப்பீட்டு மனு தனி. மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். காருக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் பெரும்பாலும் அந்த நிறுவனம்தான் உங்களுக்குப் பணம் கட்டும். குடித்து ஓட்டியதற்காக அவரிடம் பிறகு வசூலிப்பார்களா என்பது அவர்களுக்குள் உள்ள கணக்கு.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் 2022 ஏப்ரல் முதல் சொல்கிறது. உங்களுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, எஸ்டேட்டில் அவர் வாங்கிய சம்பளத்துக்கான சீட்டு இவற்றைக் கொண்டுபோங்கள். சம்பளச் சீட்டு கையில் இல்லாவிட்டால் எஸ்டேட் அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். அதுவரை யார் நீட்டினாலும், எந்த வசனத்தைச் சொல்லி நீட்டினாலும், எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தனியாகப் போக வேண்டாம், உங்கள் அம்மாவையோ தம்பியையோ கூட்டிக்கொண்டு இந்த வாரமே மலை இறங்குங்கள்.