அறுபது புள்ளி ஓட்டம் வேகமா, சாதாரணமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தங்கையின் குடும்பம் ரொறன்ரோவில் வசிக்கிறது. அவளுடைய மூத்த மகனை, அதாவது என் பெறாமகனை, பாடசாலைப் படிப்பு முடிந்த கையோடு அமெரிக்க பேஸ்போல் அணியொன்று இவ்வாண்டுத் தெரிவில் எடுத்திருக்கிறது. அவனைப் பற்றி வெளியான மதிப்பீட்டுக் குறிப்பைத் தங்கை அனுப்பியிருந்தாள். ‘ஓட்டம் 60, இடக்கைத் துடுப்பாட்டம், முதல் பேஸுக்கு 4.1 செக்கன், நல்ல உடல்வல்லமை’ என்று அதில் இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் 60 என்றால் வெறும் ‘சீ’ சித்திதான். ஓட்டத்திலும் அவன் அப்படித்தானா? இந்த இலக்கங்களை எப்படி விளங்கிக்கொள்வது?
– வாசகி, உப்புவெளி

பதில்: அந்த 60ஐப் பரீட்சைப் புள்ளியாக எண்ணிக் கவலைப்பட வேண்டாம். அணிகளுக்காக ஊர் ஊராகச் சென்று இளம் வீரர்களைப் பார்த்து வரும் தெரிவாளர்கள், 20இல் தொடங்கி 80இல் முடியும் அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். நடுவிலுள்ள 50 என்பது பாடசாலை மாணவர்களின் சராசரி அன்று. அமெரிக்காவின் உச்ச லீக்கில் இன்று ஆடிக்கொண்டிருக்கும் வீரர்களின் சராசரி. அதற்கு மேல் ஒவ்வொரு பத்தும் ஒரு பெரிய படி. அளவுகோலின் கணக்குப்படி, 60 பெறுபவர் அந்த உச்ச லீக்கிலேயே ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் என்ற வரிசைக்குள் வருகிறார். 80 பெறுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே உங்கள் பெறாமகன் வேகமானவன்தான். தங்கையைத் தாராளமாகச் சந்தோஷப்படச் சொல்லுங்கள்.

ஆயினும் அந்த 60 எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் தெரியும். பந்தை அடித்தவர் ஒன்றன்பின் ஒன்றாக ஓடித் தொட வேண்டிய தரிப்புகளே பேஸ்கள். துடுப்பாடுபவர் நிற்கும் இடத்திலிருந்து முதல் பேஸ் வரையான தூரம் 90 அடி, அதாவது 27.43 மீற்றர். துடுப்பில் பந்து படும் ஓசையோடு கடிகாரத்தை அழுத்தி, பாதம் பேஸைத் தொடும் கணத்தில் அதை நிறுத்துகிறார்கள். வலக்கைத் துடுப்பாட்டக்காரர் இந்தத் தூரத்தை 4.3 செக்கனில் கடந்தால் 50 என்றும், 4.2 செக்கனில் கடந்தால் 60 என்றும் வழங்குவது பொதுவான வழக்கம். இடக்கைக்காரருக்கு ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு செக்கன் குறைத்துக் கணக்கிடுவர். ஏனெனில் அவர் முதல் பேஸ் இருக்கும் பக்கத்திலேயே நிற்கிறார், அடித்து முடிக்கும்போது அவருடைய உடலும் அந்தப் பக்கமாகவே திரும்புகிறது. இதே 4.1ஐ வலக்கைக்காரர் ஒருவர் ஓடியிருந்தால் அவருக்கு 70 கிடைத்திருக்கும். இடக்கை என்ற விவரத்தை விட்டுவிட்டு வெறும் செக்கனை மட்டும் ஒருவர் சொன்னால், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

பத்தில் ஒரு செக்கன் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் இருக்கும். முழு வேகத்தில் ஓடும் வீரருக்கு அது ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர். எதிரணி எறிந்த பந்து முதல் பேஸ் காவலரின் கையுறைக்குள் விழும்போது ஓடியவரின் கால் பேஸின் மேல் இருந்ததா, இன்னும் ஓர் எட்டு எஞ்சியிருந்ததா என்பதைத் தீர்மானிப்பது அந்த 80 சென்ரிமீற்றர்தான்.

இனி, அந்த நேரத்தைப் பற்றித் தங்கையின் மகனிடமே கேட்கக்கூடிய சில கேள்விகளைச் சொல்கிறேன். அது ஒரேயொரு ஓட்டத்தின் நேரமா, பல ஆட்டங்களில் எடுத்தவற்றுள் நல்லதா? சுலபமாகப் பிடிபடும் பந்தை அடித்துவிட்டு அரை மனதோடு ஓடுபவர்கள் எந்த லீக்கிலும் உண்டு என்பதால், அனுபவமுள்ள தெரிவாளர் ஒற்றை நேரத்தை நம்பமாட்டார். அடித்துக்கொண்டே ஓடத் தொடங்கினானா, நின்று முழுமையாக அடித்த பின் ஓடினானா? சில இடக்கைக்காரர்கள் பந்து துடுப்பில் படுவதற்கு முன்பே காலைப் பேஸ் பக்கம் எடுத்துவிடுவார்கள். பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடும்போதும் அப்படித்தான். அந்த நேரங்கள் அழகாக இருக்கும், ஆனால் அவனுடைய வழமையான வேகத்தைக் காட்டா.

முதல் பேஸ் வரையான நேரம் பெரும்பாலும் புறப்பாட்டையும் வேகமெடுப்பையும் அளக்கிறது. உச்ச வேகத்தை அறிய வேறு அளவு வேண்டும். உச்ச லீக் மைதானங்களில் 2015 முதல் இயங்கும் ஸ்டாட்காஸ்ட் என்ற ஏற்பாடு, வீரர் மிக வேகமாக ஓடிய ஒரு செக்கனில் எத்தனை அடி கடந்தார் என்று கணிக்கிறது. அங்கே சராசரி செக்கனுக்கு 27 அடி; 30 அடியைத் தொட்டால் உச்ச வரிசை. ஒருவர் மெதுவாகப் புறப்பட்டு நாற்பது அடிக்குப் பின் பறக்கலாம். இன்னொருவர் சட்டென்று புறப்பட்டு அதே வேகத்தில் நின்றுவிடலாம். இருவருக்கும் 4.1 என்றே பதிவாகும். ஆனால் முதலாமவர் வெளிக்களத்தில் நீண்ட தூரம் ஓடிப் பந்தைப் பிடிப்பதற்கும், இரண்டாமவர் உள்களத்தில் இரண்டு எட்டில் பந்தை மறிப்பதற்கும் பொருத்தமானவர்கள்.

கடைசியாக வயது. பாடசாலை முடித்த பையனின் ஓட்டத்துக்குப் புள்ளி வழங்கும்போது, இருபத்தைந்து வயதில் அவன் உடல் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். இடுப்பு அகன்று, தொடை திரண்டு, நிறை பத்துக் கிலோ கூடினால் ஓட்டம் ஒரு படி இறங்குவது வழமை. தாய் தகப்பனின் உடல்வாகைக்கூடக் கவனிப்பார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த உங்கள் தங்கையின் கணவருடைய தோளை ஒருவர் அளவெடுத்திருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன். இன்றைய 60 நாளை 50 ஆனால் அது வீழ்ச்சி அன்று, அந்த நிறை துடுப்புக்குப் பலமாக மாறியிருக்கும் வரைக்கும்.

கேள்வி: என் மகன் 100 மீற்றரில் வலய மட்டத்தில் முதலிடம் பெற்றவன், பாடசாலை எல்லே அணியிலும் அவனே வேகமான ஓட்டக்காரன். இப்படிப்பட்ட ஓட்டக்காரர்களை நேரே பேஸ்போலுக்கு அனுப்பினால் தெரிவாளர்கள் அள்ளிக்கொள்ளமாட்டார்களா?
– வாசகர், மூதூர்

பதில்: இதே எண்ணம் அரை நூற்றாண்டுக்கு முன் ஓர் அணி உரிமையாளருக்கும் வந்தது. 1974இல் ஓக்லண்ட் அணியின் உரிமையாளர் சார்ளி ஃபின்லி, குறுந்தூர ஓட்ட வீரரான ஹேர்ப் வாஷிங்டனை ஓடுவதற்கென்றே ஒப்பந்தம் செய்தார். அவர் துடுப்பைத் தொடவில்லை, களத்தடுப்பிலும் நிற்கவில்லை. பேஸில் நிற்கும் வீரருக்குப் பதிலாக இறங்கி ஓடுவது மட்டுமே வேலை. உச்ச லீக்கில் 105 ஆட்டங்களில் இறங்கிய அவர், 48 தடவை அடுத்த பேஸைக் களவாட, அதாவது பந்து அடிக்கப்படும் வரை காத்திராமல் ஓடிச் சேர, முயன்று 31 தடவை வென்றார், 17 தடவை பிடிபட்டார். அந்த ஆண்டு உச்ச லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்த வேளையில் அவரை முதல் பேஸில் இறக்கினார்கள். அவர் ஓடவே இல்லை. டொட்ஜர்ஸ் அணியின் பந்துவீச்சாளர் மைக் மார்ஷல் திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து, பேஸைவிட்டுத் தள்ளி நின்ற அவரை ஆட்டமிழக்கச் செய்தார்.

அன்று அந்த மைதானத்தில் நின்ற எவரையும் நேர்கோட்டில் அவர் முந்தியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தெரியாமற்போனது எப்போது புறப்படுவது என்பதுதான். பந்துவீச்சாளர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து, துடுப்பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் கெட்சரின் கையுறையை அடைய ஏறத்தாழ 1.3 செக்கன், கெட்சர் அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்க ஏறத்தாழ 2 செக்கன். முதல் பேஸிலிருந்து பன்னிரண்டு அடி முன்னே தள்ளி நிற்கும் ஓட்டக்காரர், எஞ்சிய 78 அடியை இந்த 3.3 செக்கனுக்குள் கடக்க வேண்டும். பந்துவீச்சாளரின் குதிகாலோ தோளோ அசைவதைப் பார்த்து உடனே புறப்படுபவருக்கு அது போதும். சந்தேகத்தில் கால் செக்கன் தயங்கியவருக்கு எந்த வேகமும் போதாது. அரிசோனா அணிக்கு ஆடிய போல் கோல்ட்ஷ்மிட், 2009 தெரிவில் எட்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், ஓட்டத்துக்குப் பேர்போனவர் அல்லர். அவர் 2016இல் 32 பேஸ்களைக் களவாடி, 5 தடவை மட்டுமே பிடிபட்டார்.

ஆகவே உங்கள் மகனின் 100 மீற்றர் பதக்கத்தைவிட, அவன் எல்லே விளையாடுவதையே ஒரு தெரிவாளர் ஆவலோடு பார்ப்பார். பந்து எங்கே போகிறது, எறிபவர் எவர், இந்தத் தரிப்பில் நிற்பதா, தொடர்வதா என்று ஓடியபடியே முடிவெடுக்கும் பழக்கம் அதில் இருக்கிறது. தடத்துக்குள் நேரே ஓடுவதில் அது இல்லை.

கேள்வி: பேஸ்போல் தெரிவுகளில் 100 மீற்றரை விட்டு 60 யார் தூரம் ஓட வைப்பது ஏன்?
– மாணவர், கிண்ணியா

பதில்: 60 யார் என்பது 180 அடி, சரியாக இரண்டு பேஸ்களின் தூரம். 6.9 செக்கன் அளவில் ஓடுபவரைச் சராசரி என்றும், 6.5க்குக் கீழே ஓடுபவரை மிக வேகமானவர் என்றும் பொதுவாகக் கொள்வர். ஆட்டத்தில் எவரும் இரண்டு பேஸ்களை நேர்கோட்டில் ஓடுவதில்லை என்பது இந்தச் சோதனையின் குறை.

கேள்வி: ‘நல்ல உடல்வல்லமை’ என்று எழுதுகிறார்களே, அதை எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்? கருவிகள் இல்லாத எங்களைப் போன்ற பாடசாலைகளில் ஓட்டத்தையும் இதையும் ஓரளவாவது அளக்க வழியுண்டா?
– உடற்கல்வி ஆசிரியர், சாம்பல்தீவு

பதில்: ஓட்டத்துக்குக் கடிகாரம் இருக்கிறது, இதற்குக் கண்தான். அதனால்தான் மதிப்பீட்டுக் குறிப்புகளில் மிகத் தாராளமாக எழுதப்படுவதும் இந்த வரியே. உயரமும் ஒட்டிய வயிறும் கண்டவுடன் எழுதிவிடுகிறார்கள் என்பது என் கருத்து. உண்மையில் பார்க்க வேண்டியது, உடல் தான் நினைத்தபடி கேட்கிறதா என்பதை. முழு வேகத்தில் வருபவன் எத்தனை எட்டில் நிற்கிறான்? நிற்கும்போது இடுப்பைத் தாழ்த்துகிறானா, கைகளை வீசித் தள்ளாடுகிறானா? முதல் பேஸைக் கடந்து இரண்டாம் பேஸுக்குத் திரும்பும்போது வளைவை எவ்வளவு அகலமாக எடுக்கிறான்? பந்து எதிர்பாராத பக்கம் துள்ளியபோது கால் பிழையாக இருந்தும் எறிதல் நேராகப் போகிறதா? ஒரு திருத்தத்தைச் சொல்லிக் கொடுத்தால், எத்தனை முயற்சியில் அவன் உடல் அதைப் பிடித்துக்கொள்கிறது? இந்தக் கடைசிக் கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். பதினெட்டு வயதில் தெரிவாகும் பையன் பல ஆண்டுகள் சிறு லீக்குகளில் துடுப்பாட்டத்தை மாற்றி மாற்றிக் கற்கப் போகிறான்; அங்கே கைகொடுப்பது அந்தத் திறன்.

ஓட்டத்தை அளப்பதற்கு அதிகம் தேவையில்லை. மெக்கெய்சர் மைதானம் போன்ற சமதரையில் 54.86 மீற்றரை, அதாவது மேலே சொன்ன 60 யார் தூரத்தை, நாடாவால் அளந்து குறியுங்கள். கடற்கரை மணலில் எடுத்த நேரத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. விசில் ஊதாமல், ஓடுபவன் தன் விருப்பப்படி புறப்பட, அவன் உடல் முதலில் அசையும் கணத்தில் கடிகாரத்தை அழுத்துங்கள். பேஸ்போலில் வழக்கம் அதுதான். மெய்வல்லுநர் போட்டியில் வெடியொலிக்குப் பிந்திய தாமதமும் நேரத்தில் சேர்ந்துவிடுவதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. கையால் எடுக்கும் நேரம் மின்னணு நேரத்தைவிடக் குறைவாகவே வரும். குறுந்தூர ஓட்டங்களில் அந்த வித்தியாசத்தை 0.24 செக்கன் என்று கொள்வது மெய்வல்லுநர் துறையின் வழமை. மூன்று பேர் தனித்தனியாக எடுத்து நடு நேரத்தைப் பதியுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் காற்றோடு ஒரு தடவையும் எதிர்த்து ஒரு தடவையும் ஓட வைத்து, இரண்டையும் குறியுங்கள். சாதனைகளுக்கே செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்பட்ட பின்காற்றை அனுமதிப்பதில்லை என்றால், நம்முடைய வைகாசிக் காற்றில் எடுத்த ஒற்றை நேரத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கைத்தொலைபேசியின் மெதுவியக்கப் பதிவைப் பயன்படுத்துங்கள். செக்கனுக்கு 240 படங்கள் எடுக்கும் தொலைபேசிகள் இப்போது மாணவர்களின் வீடுகளிலேயே இருக்கின்றன. துடுப்பும் முதல் பேஸும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி பக்கவாட்டில் நின்று பதிந்து, பந்து துடுப்பில் பட்ட படத்திலிருந்து பாதம் பேஸைத் தொட்ட படம் வரை எண்ணி 240ஆல் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும். அதே பதிவில் முதல் மூன்று எட்டுகளையும் நிறுத்திப் பாருங்கள்: தலை நிமிர்ந்துவிட்டதா, உடல் இன்னும் முன்சாய்ந்திருக்கிறதா, முதல் எட்டு பேஸை நோக்கி விழுந்ததா, பக்கவாட்டில் விரயமானதா என்பவை தெரியும். முதல் எட்டைத் திருத்திய பின் அதே மாணவனை, அதே இடத்தில், மீண்டும் பதிந்து ஒப்பிடுங்கள்.